எசேக்கியேல் யார் மகன்

ஸ்பானிஷ் டவுன், ஜமைக்கா
ஜூன் 14

மெர்லீனுக்கு,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். பர்மிங்காம் குளிர் உன் மூட்டுவலிக்கு ஆகவில்லையாம். அதுவும் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும்.

தாத்தா எசேக்கியேல் டல்லக்கின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை, ஆகஸ்டில் நடக்கும் குடும்ப ஒன்றுகூடலில் வம்சாவளியைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும், உதவுங்கள் என்று சொந்தங்களுக்கெல்லாம் எழுதினாய். எனக்கு எழுதவில்லை. நமக்கு அப்பா ஒருவர்தான். என் அம்மாவுக்கு அவர் கல்யாண மோதிரம் போடவில்லை, அவ்வளவுதான். அவருடைய அடக்கத்தன்று உன் மாமா லாயிட், "முன்பெஞ்சு வீட்டுப் பிள்ளைங்களுக்குப்பா. வெளிப்பிள்ளை பின்னால நின்னா கர்த்தர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு" என்றார். நீ கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாய்.

இருந்தும் ஆவல் விடவில்லை. நான் பாடம் நடத்தும் பள்ளி விட்டதும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுவேன். அங்கிருக்கும் பின்னக் அம்மாள், "சார், மறுபடியுமா? கட்டில் ஒண்ணு போட்டுத் தரட்டா?" என்பாள்.

வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகளில் நீ டல்லக் என்று தேடியிருப்பாய். மோதிரம் போட்ட வீட்டில் பிறந்தவர்கள் செய்யும் தவறு அது. கல்யாணமாகாதவளின் பிள்ளையைத் தாயின் பெயரில்தான் எழுதுவார்கள், தகப்பன் நேரில் வந்து ஒப்புக்கொண்டாலொழிய. நானே அப்படிப் பதிவானவன்தான். அதனால் தாத்தா வாழ்ந்த வட்டாரத்து எசேக்கியேல்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். 1884இல் ஒருவர்: தாய் லேயா பிரைட்சன், கரும்புத்தோட்டக் கூலி; தகப்பன் இடத்தில் வெறும் கோடு. இவர்தானா என்ற சந்தேகத்தில் லேயாவின் இறப்புப் பதிவைத் தேடினேன். அதில் மரணத்தைத் தெரிவித்தவர் என்ற இடத்தில்: எசேக்கியேல் டல்லக், மகன்.

ஆக, நீங்கள் பெருமைப்படும் அந்தப் பெயரை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை; வளர்ந்தபின் அவரே எடுத்துக்கொண்டார். நம் தாத்தாவும் வெளிப்பிள்ளை. முதலில் சிரித்தேன். பிறகு, கைக்குழந்தையோடு பதிவாளர் முன்னால் தனியாக நின்ற லேயாவை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

நகல்களை இணைத்திருக்கிறேன். பலகையில் லேயாவின் பெயரை எழுது. அதற்குக் கீழே யார் யாரை எழுதுவது என்பதை உன் மனசாட்சியிடம் கேள். கர்த்தர் உனக்குச் சுகம் தரட்டும்.

இதைக் கையெழுத்துப் போடாமலே நாளை தபாலில் சேர்க்கப் போகிறேன். யார் அனுப்பியது என்று உன் பிள்ளைகள் கேட்பார்கள். நான் உனக்கு என்ன முறை என்பது உன் வாயிலிருந்தே வரட்டும்.