அக்காவின் கோணல் இறக்கை

மார்ச் 4
மருந்துக்கடையில் ஈ ஓட்டினேன். பில் தாளின் பின்பக்கத்தில் ஒரு கவசத்தின் தோள்பட்டையை வரைந்துகொண்டிருந்தபோது கேப்டனிடமிருந்து போன். தொழிலில் பல் டாக்டர். எங்கள் காஸ்ப்ளே குழுவுக்குத் தலைவர்.

"போன வருஷம் புதுசா பதினாலு பேர் வந்தாங்க. இப்ப ரெண்டே பேர்தான் மிச்சம். பிடிச்ச கதாபாத்திரம் மாதிரி வேஷம் போட்டுக் கும்மாளம் போடத்தானே கூடுறோம்? ஏன் பரீட்சை ஹால் மாதிரி ஆயிடுச்சு?"

சுருக்கென்றது. போனவர்களில் ஒருத்தி என் சொந்த அக்கா.

மார்ச் 5
எழுதிவிடுகிறேன். அக்கா பஸ் ஓட்டுகிறாள். போன வருடம் என்னைப் பார்த்து ஆசைப்பட்டு, பறவைப்படைத் தளபதி வேஷத்துக்காக அட்டையில் ஒரு ஜோடி இறக்கை செய்தாள். மூன்று மாத வேலை. விழாவுக்கு முந்தின நாள் அவள் டியூட்டிக்குப் போயிருந்தபோது, இடது இறக்கை கோணலாக இருக்கிறதே என்று பிய்த்து ஒட்டினேன். அதோடு விட்டேனா? வலதையும் பிய்த்தேன். வர்ணத்தையும் மாற்றினேன்.

மேடையில் அவளுக்குக் கைதட்டல் காதைப் பிளந்தது. இறங்கி வந்து, "நல்லா இருந்துச்சுடி. ஆனா அது என்னோடது இல்ல" என்றாள். அப்புறம் குழுப் பக்கமே தலைகாட்டவில்லை. பெரிய உதவி செஞ்சு கிழிச்சுட்டேன் நான்!

மார்ச் 9
குழுக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். தையலைப் புரட்டிப் பார்த்து எல்லோருக்கும் மார்க் போடுவதை விடலாம். பரிசு வேண்டுமென்பவர்கள் தனியாகப் பெயர் கொடுக்கட்டும்; மற்றவர்கள் ஜாலியாக மேடையில் நடந்துவிட்டுப் போகட்டும். ஓரமாக ஒரு பழுது மேசை — பசை, ஊக்கு, டேப். கேட்காமல் யாருடைய வேஷத்தையும் தொடக் கூடாது.

"இத நீயா சொல்ற?" என்றார் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 10
அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு வருஷம் கழிச்சுத்தான் உறைச்சுதா?" என்றாள். இந்த முறை வருகிறாயா என்றேன். "பாக்கலாம்." எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

மார்ச் 22
அக்காவின் அறையில் டேப் கிழிக்கும் சத்தம்! எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 6
விழா. பழுது மேசை என் பொறுப்பு. படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டுப் பேயாக வந்த தபால்காரருக்கும் விசில் பறந்தது. அடுத்து அக்கா. புது இறக்கை, பழைய கோணல். நடு மேடையில் வலது இறக்கை பொத்தென்று விழுந்தது.

என் கை பரபரத்தது. ஓடலாமா? கூடாது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அழுதுவிடுவாளோ?

அவள் இறக்கையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "அவசரமா தரையிறங்குறோம்! எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்குங்க!" என்று கத்தினாள். அரங்கமே அதிர்ந்தது.

நேராக என் மேசைக்கு வந்தாள். "பசை எங்கடி?" பாட்டிலை மட்டும் நீட்டினேன். அவளே ஒட்டினாள். இன்னும் கோணலாகத்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குத்தான் அழுகை வந்தது.

ஜூன் 15
இன்றைய சந்திப்புக்கு அக்கா எனக்காகச் செய்த தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போனேன். ஒரு கண்ணுக்கான ஓட்டை மூக்குப் பக்கம் இருக்கிறது. மூன்று நாற்காலியில் முட்டிக்கொண்டேன்.

"உன் கைவேலை மாதிரி தெரியலையே?" என்றார் கேப்டன்.

"எங்கக்கா செஞ்சது."

கைப்பையில் கத்தரிக்கோல் இருந்தது. எடுக்கவில்லை.