பதினேழாம் எண்ணின் ஐந்து படங்கள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாண்டிப் போக இந்தத் தடவை எனக்கு மனசு வரவில்லை, அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் நான் சொல்வதைச் செய். இந்தக் கடிதத்தை உன் வீட்டு விலாசத்துக்கு எழுதவில்லை, நூலகத்துக்கு எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நீ அங்கே போகும்போது கவுண்டரில் இருக்கும் அம்மா எடுத்துக் கொடுப்பார். அங்கேயே அலமாரிகளுக்கு நடுவில் நின்று படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. வீட்டுக்கு மட்டும் கொண்டு போகாதே. ஏன் என்று உனக்குத் தெரியும், எனக்குத்தான் நேற்று மத்தியானம் வரை தெரியாமல் போய்விட்டது.

அப்பாவின் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தினம் நாலு தடவை ஏறுகிறார், வீம்புக்கு. கேட்டால் கண்காட்சிக் கூடம் மாடியில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்கிறார். புதியவர்களின் குழுக் கண்காட்சிக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். அறுபத்து மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள், பதினான்கு பேரை எடுத்திருக்கிறேன், ஒருவர்கூட இதற்கு முன் எங்கும் படம் மாட்டியவர் இல்லை. அதில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறாராம், ஒரு பல் டாக்டர் இருக்கிறாராம், நல்லா இல்லையென்றால் சொல்லிவிடுங்கள் நான் அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே அழுத ஒரு பெண் இருக்கிறாளாம். எல்லாம் அப்பா கீழே படங்களை வாங்கி வைக்கும்போது அடித்த அரட்டையில் தெரிந்ததுதான், யாருக்கு எந்த எண் என்று எனக்குத் தெரியாது. முறை உனக்குத் தெரிந்ததே. படத்தோடு எண் மட்டும்தான் என்னிடம் வரும், பெயர் மூடிய உறைக்குள், உறைகள் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள், திறப்பு விழா மாலையில் எல்லோர் முன்னாலும்தான் ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

இந்த முறையை நான் ஏன் கொண்டு வந்தேன் என்று ஊரில் கேட்பவர்களிடம் நியாயம், நடுநிலை என்று பெரிதாகப் பேசுவேன். உன்னிடம் அந்தப் பேச்சு எடுபடாது. பத்தொன்பது வயதில் நீ கொண்டு வந்து வைத்த படம், மொட்டை மாடியில் துணி காய்கிற படம், அந்த வருஷம் வந்ததிலேயே நல்ல படம் அதுதான். மகளுக்குச் சுவரில் இடம் கொடுத்துவிட்டாள் என்று நாலு பேர் வாய்க்கு வந்தபடி பேசுவார்களே என்று பயந்து அதை எடுத்துத் தனியே வைத்தேன். நீ நாலு நாள் என்னோடு பேசவில்லை, அப்புறம் பேசினாய், ஆனால் தூரிகையைத் தொடவே இல்லை. அடுத்த வருஷம்தான் உறையும் டப்பாவும் வந்தன. மன்னித்துவிடு என்று அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு டப்பாவை வாங்கி வைத்தேன்.

இந்த வருஷம் பதினேழாம் எண்ணில் ஒரு பார்சல் வந்தது. நோட்டுப் புத்தக அளவில் ஐந்து படங்கள், ஆனால் படிவத்தில் ஆறு என்று எழுதி, ஆறாவது பின்னால் வரும் என்று குறித்திருந்தது. ஐந்தும் ஒரு வீட்டின் உட்புறம், ஆட்களே இல்லை. மஞ்சள் திரை போட்ட சமையலறை, ஒரு ஜன்னல், வெறும் சுவர், ஒரு நாற்காலி, சாத்திய கதவு. கதவுக்கு அடியில் விரல்கடை இடுக்கு, அதன் வழியாக வரும் வெளிச்சத்தை வரைந்திருந்த விதத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கதவின் நடுவில் நாலு சின்னப் புள்ளிகள் இருந்தன. வெறும் பரப்பை உடைப்பதற்காக வைத்த புள்ளிகள், என்ன துணிச்சல் என்று அப்பாவிடம் அரை மணி நேரம் அளந்தேன். வீட்டின் அமைதியை இவ்வளவு நெருக்கமாகச் சொன்னவர் இல்லை என்று சுவரில் ஒட்டும் குறிப்பில் எழுதினேன். அமைதியாம். சமையலறைப் படத்தில் அடிப்பக்கம் கொஞ்சம் கலைந்து தெரிவதாக எனக்குப் பட்டது, அதனால் இரண்டு விரல்கடை மறைகிற மாதிரி, படத்தைச் சுற்றி வைக்கிற ஓர அட்டையை வெட்டி பிரேம் போடச் சொன்னேன். அப்புறம் கூடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி, இருட்டான கதவை முதலிலும் வெளிச்சமான சமையலறையைக் கடைசியிலும் மாட்டினேன். இத்தனை வருஷ அனுபவம் இல்லையா, எல்லாம் தெரியும் எனக்கு.

நேற்று கொக்கிகளை இறுக்கிக் கொடுக்க நம் தச்சர் வந்தார், பிரேம் போடுகிறவர், நீயே பார்த்திருக்கிறாய். அவர் படங்களைப் பார்த்து எதுவும் சொல்கிற ஆள் இல்லை, கதவு ஜன்னல் செய்தே தலை நரைத்தவர். நேற்று அந்தக் கதவுப் படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. என்ன என்று கேட்டேன். "அக்கா, இது புள்ளி இல்லை. ஸ்க்ரூ முனை. அந்தப் பக்கத்துல தாழ்ப்பாள் அடிச்சிருக்காங்க, நீளமான ஸ்க்ரூ போட்டதால முனை இந்தப் பக்கம் வந்திருக்கு. இந்த ரூமுக்கு வெளியிலதான் தாழ்ப்பாள்" என்றார். எனக்குச் சட்டென்று ஓடவில்லை. அவரே படங்களை இறக்கி பிரேமிலிருந்து கழற்றினார். பின்புறம் பென்சிலில் பொடிப்பொடியாக ஒன்று முதல் ஐந்து வரை வரிசை எழுதியிருந்தது. நான் மாட்டியது அப்படியே தலைகீழ். சரியான வரிசையில் தரையில் அடுக்கினோம். முதலில் சமையலறை, ஜன்னல் திறந்திருக்கிறது, சுவரில் போன், இரண்டு நாற்காலி. இரண்டாவதில் ஜன்னலுக்குக் கைப்பிடி இல்லை. மூன்றாவதில் போன் இருந்த இடத்தில் ஆணித் துளை மட்டும். நான்காவதில் ஒரே ஒரு நாற்காலி. ஐந்தாவதில் கதவு.

அப்போதும் அது யாரோ ஒரு பெண் என்றுதான் நினைத்தேன், ஐயோ பாவம் என்றுகூடச் சொன்னேன். அதற்கப்புறம்தான் சமையலறைப் படத்தில் ஓர அட்டைக்கு அடியில் நான் மறைத்த பட்டையைப் பார்த்தேன். மஞ்சள் திரையின் அடியில் நீலக் கட்டம் போட்ட துணி ஒட்டுப் போட்டிருந்தது. நீ குடிபோனபோது நான் தைத்து அனுப்பிய திரை, மஞ்சள் துணி ஒரு சாண் குறைந்துபோய் அப்பாவின் பழைய சட்டையை வெட்டி ஒட்டுப் போட்டேனே, அது. நாலு வருஷமாக உன் வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லும்போதெல்லாம் இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போனது ஏன் என்று நேற்றுதான் புரிந்தது. உன் கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை பாப்பா. நீ வரைந்து பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது, நிறுத்தி வைத்தவளும் நான்தானே. அப்பாவிடம் இருக்கும் படிவத்தின் அடிப்பாதியில் கடிதப் போக்குவரத்துக்கு என்று நூலகத்து விலாசமும் செவ்வாய்க்கிழமை மட்டும் என்ற குறிப்பும் இருந்ததை நேற்றுதான் எடுத்துப் பார்த்தேன். புத்தகம் மாற்ற அந்த ஒரு நாள்தான் உனக்கு வெளியே வர முடிகிறது போலிருக்கிறது.

இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சமையலறைப் படத்தைத்தான் அழைப்பிதழில் போட்டேன். அப்பா இருநூறு அழைப்பிதழை மடித்தார், வருஷா வருஷம் போவது போல ஒன்று உங்கள் வீட்டுக்கும் போனது. போய் மூன்றாம் நாள் மாப்பிள்ளை பேசினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கண்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவர், படம் ரொம்ப நன்றாக இருக்கிறது, யார் வரைந்தது என்று தேனாகப் பேசினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினேழாம் எண், ஐந்து வந்திருக்கிறது, இன்னும் ஒன்று வர வேண்டும், பெயர் திறப்பு விழாவில்தான் தெரியும் என்று எல்லாவற்றையும் நானே ஒப்பித்தேன். நூலகத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, எனக்கே தெரியாததால் தப்பித்தது. அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை விழாவுக்கு நானே வருகிறேன் என்றார். உன்னிடம் போனைக் கொடுங்கள் என்றேன், உடம்பு சரியில்லை, தூங்குகிறாள் என்றார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. வாராவாரம் மாப்பிள்ளை போனிலிருந்து நீ பேசுவாயே, அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதுவும் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று அப்பாவிடம் நானே சமாதானம் சொன்னேன். என்னை என்ன சொல்லித் திட்டுவாயோ திட்டு.

இன்று காலை உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினேன். படத்தைப் பார்த்தெல்லாம் ஒரு வீட்டுக்குள் போக முடியாதும்மா, அந்தப் பெண்ணே வந்து சொல்லட்டும் என்றார்கள். கதவைத் திறந்தால்தானே வந்து சொல்வாள் என்றேன், போனை வைத்துவிட்டார்கள். அதனால் நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். சனிக்கிழமை அவன் இங்கே வரட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் அங்கிருந்து ரயில் ஏறும்போது நான் இங்கிருந்து ஏறியிருப்பேன், தச்சரும் கூட வருகிறார், கேட்கும் முன்பே கருவிப் பையைத் துடைத்து வைத்துவிட்டார். விழாவை அப்பா பார்த்துக்கொள்வார். மீதிப் பதின்மூன்று உறையையும் அவர் பிரிக்கிற வேகத்துக்குப் பிரித்தால் ராத்திரி ஆகிவிடும், உனக்குத் தெரியாததா. உன் உறை டப்பாவில் இல்லை, என் கைப்பையில் இருக்கிறது, பிரிக்கவில்லை. விதி போட்டவளே விதியை மீறிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் இல்லாமல் நடக்கிற முதல் திறப்பு விழா இது, நடக்கட்டும்.

அதுவரைக்கும் அவனோடு எதற்கும் வாக்குவாதம் செய்யாதே. அழைப்பிதழைக் காட்டிக் கேட்டால் யாரோ வரைந்தது என்று சொல், அம்மாவுக்குப் பைத்தியம் என்று சொல், எனக்கு வருத்தமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரியும் எழுத வேண்டாம், கவுண்டர் அம்மாவிடம் சொல்லி எனக்கு ஒரு வெற்று உறை போடச் சொல், நான் புரிந்துகொள்வேன். உறை வராவிட்டாலும் வருவேன். ஆறாவது படத்துக்குச் சுவரில் இடம் விட்டு அப்பா ஆணியும் அடித்துவிட்டார், அது என்ன படமாக இருக்கும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும், எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ இருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன், எப்படி இருக்கிறாய் பாப்பா?

உன்
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. அவன்தான். "சனிக்கிழமை வர முடியாது அத்தை, வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு" என்றான். உன்னிடம் கொடு என்றேன். தூங்குகிறாள் என்றான். மணி பதினொன்று. என்ன வேலை என்று நான் கேட்கவில்லை, குரல் மாறாமல் சரி மாப்பிள்ளை என்று வைத்துவிட்டேன். நூலகம், செவ்வாய்க்கிழமை என்று மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. தச்சர் கீழே ஆட்டோவோடு நிற்கிறார், பன்னிரண்டரை மணி ரயிலுக்குக் கிளம்புகிறோம். இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டு வருகிறேன். அந்தக் கதவுக்கு அடியில் இடுக்கு இருக்கிறதே, முதலில் இந்தக் கடிதம் அதன் வழியாக உள்ளே வரும். நீ படித்துக்கொண்டிரு, அதற்குள் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவோம்.