அவரவர் பெட்டி அவரவர் கையில்

பிப்ரவரி 7, 2024, புதன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன நேரம் பார்த்து என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

ஊர் வழக்கம் தெரிந்தும் கிளப் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தேன் பார், என்னைத்தான் சொல்ல வேண்டும். இங்கே யார் வரவில்லையோ அவர் தலையில்தான் பொறுப்பு. போன வருஷம் தீயணைப்புக் குழுவின் பொருளாளர் குடல்வால் அறுவை முடிந்து கண் விழித்தபோது தலைவராகியிருந்தார். எதிர்த்துப் பேச ஆளே இல்லாததால் எல்லாம் ஏகமனதாக நிறைவேறிவிடும். மறுக்கலாம். மறுத்தவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் யாரும் தோட்டத்தில் காய்த்ததென்று ஒரு பை எலுமிச்சம்பழம் அன்பாக வைத்துவிட்டுப் போவதில்லை, அவ்வளவுதான்.

என் சிநேகிதி டாட்தான் போனில் சொன்னாள். ஆயுசெல்லாம் உருளைக்கிழங்கு விளைவித்தவள், வார்த்தையைச் செலவழிக்க மாட்டாள். "நீ செயலாளர். ஐரோப்பா. நாலு பேர். ரயில்ல. செப்டம்பர்." வைத்துவிட்டாள்.

வாயில் பஞ்சு இருந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

புல்வெளியில் பந்து உருட்டி விளையாடுகிற எங்கள் பௌல்ஸ் கிளப்பின் பின்னறையில், பயணக் குழுவின் முதல் கூட்டம். நான்கு பேர், நான்கு தட்டு கேக். இந்த நான்கு பேரில் ஒருத்திகூட ஒழுங்காக ரயில் ஏறியதில்லை. எங்கள் டாஸ்மேனியாத் தீவில் ஏறுவதற்கு ஏது? சிமெண்ட் போகிறது, மரக்கட்டை போகிறது. மனிதர்களை ஏற்றுவதை நிறுத்தி நாற்பத்தைந்து வருஷமாகிறது.

எங்கே போவது என்பதில் இரண்டு மணி நேரச் சண்டை. துணிக்கடை வைத்திருந்த மார்கோவுக்கு பாரிஸ். டாட்டுக்கு ஹாலந்து, உருளைக்கிழங்கு வயல் பார்க்க.

"உலகத்துல பாதியைச் சுத்திப் போய் உருளைக்கிழங்கா பாப்பே?" என்றாள் மார்கோ.

"ஆமா."

எனக்கு ஸ்லோவேனியா. அஞ்சலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தியபோது ஒரு தபால்தலையில் அந்த நாட்டு ஏரி ஒன்றைப் பார்த்தேன். இதுவும் ஒரு காரணமா என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

கிளெனிஸ் கடைசியாகச் சொன்னாள். சுவிட்சர்லாந்தில் ஏதோ மலைக்கிராமம். அங்கே ரயிலடியில் மஞ்சள் பஸ் நிற்குமாம். ரயில் தாமதமானால் பஸ்ஸும் காத்திருக்குமாம்.

"அதைக் கண்ணால பாக்கணும்டி. என்னை மாதிரி இன்னொரு கிறுக்கு உலகத்துல இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்."

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். என் மகன் ஒரு காலில் ஷூவும் வாயில் ரொட்டியுமாக ஓடுவான். அவன் ஏறும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் தாளம் போடுவாள். எல்லாருக்கும் காத்திருந்தே தினமும் பள்ளிக்கூட மணிக்குப் பிந்துவாள். தலைமை ஆசிரியர் கடைசியில் மணியைத் தள்ளி வைத்துவிட்டார்.

நான்கு ஊரும் சேர்த்தாகிவிட்டது. ஐந்து வாரம், அக்டோபரில் பௌல்ஸ் பந்தயக் காலம் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கீத் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாஷிங் மெஷினை எப்படிப் போடுறது?" என்றார். நாற்பத்தோரு வருஷக் குடித்தனம்.

மார்ச் 5, செவ்வாய்

ரயில் அட்டவணை போட்டு முடித்துக் கூட்டத்தில் வைத்தேன். வண்டி மாறுகிற இடங்கள் பதினொன்று. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், ஒரு இடத்தில் நான்கு.

"நாலு நிமிஷம் போதுமா?" என்று மார்கோ கேட்டாள்.

"ஓடி வர்றதைப் பாத்தா நிறுத்த மாட்டானா?" என்றேன். அதுவும் சரிதான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். கிளெனிஸ் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு என் திருவாய் சும்மா இருக்கவில்லை. போன வருஷம் தலைநகர் ஹோபார்ட்டுக்கு இரண்டு நாள் போக மார்கோ மூன்று பெட்டி கொண்டுவந்தாள். ஒன்றில் இஸ்திரிப் பெட்டி. தூக்கினது யார்? நான். ஆகவே தீர்மானம் கொண்டுவந்தேன்: அவரவர் பெட்டி அவரவர் கையில். தூக்க முடியாதவர் வீட்டில்.

டாட் வழிமொழிந்தாள். நான்கு கையும் உயர்ந்தன. யாரைச் சொல்கிறோம் என்று புரியாமல் மார்கோவும் பெருமையாகக் கை தூக்கினாள். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஒத்திகை. சுற்றுலாக்காரர்களுக்காக ஆற்றோரம் இருபது நிமிடம் ஓடுகிற நீராவி ரயிலுக்குப் போனோம். போவதற்குள் ஆளுக்கொரு பெட்டி ரொப்பினோம். திட்டம் இதுதான்: போய்ச் சேரும் இடத்தில் பெட்டியோடு இறங்கி, நடைமேடையில் அந்தக் கோடிக்கு ஓடி, ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏற வேண்டும். நான்கு நிமிடம். டாட் கையில் கடிகாரம்.

எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற பெரியவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். "என்னம்மா, யாராவது துரத்துறாங்களா?"

"ஸ்லோவேனியா போறோம்," என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

டாட் மூன்று நிமிடம். நான் மூன்றே முக்கால். மார்கோ ஒன்பது, அதுவும் பெட்டி நடுவில் திறந்து உள்ளாடையெல்லாம் தண்டவாளத்தில் விழுந்த பிறகு. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி.

கிளெனிஸ் ஏறவே இல்லை. பெட்டியைப் படியில் பாதி தூக்கினாள், நழுவியது. மறுபடி தூக்கினாள், மறுபடி நழுவியது. "கைப்பிடி வழுக்குதுடி," என்றாள்.

"அத்தாம்பெரிய பஸ்ஸைத் திருப்பின கை, ஒரு பெட்டியைத் தூக்காதா? நீ வீட்டுலதான், போ!" என்றேன்.

எல்லாரும் சிரித்தோம். அவளும்தான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கிளெனிஸ் வரவில்லை. கடிதம் வந்திருந்தது. நாயை ஐந்து வாரம் விட்டுவிட்டு வர முடியாதாம், விலகிக்கொள்கிறாளாம், எங்களுக்கு வாழ்த்தாம். வாழ்த்து! யாருக்கு வேண்டும் அவள் வாழ்த்து?

ஏப்ரல் 4, வியாழன்

நாயைத் தானே பார்த்துக்கொள்வதாக கீத் சொல்கிறார். அந்த நாய்க்கு கிளெனிஸைவிட கீத்தைத்தான் பிடிக்கும், அவர் மேஜைக்கடியில் மீன் துண்டு கொடுப்பதால். ஆக, சாக்கு செத்தது. நாளை போய் அவளை ஒரு பிடி பிடிக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

போனேன். ஏன் போனேன் என்றிருக்கிறது. இல்லை, போனது நல்லதுதான். தெரியவில்லை.

டீ போட்டுக் கொடுத்தாள். எனக்கு முழுக் கோப்பை, அவளுக்குப் பாதி. பாதிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். நான் நாய்க் கதையை ஆரம்பித்தேன், கீத் பார்த்துக்கொள்வார், மீன் துண்டு, அது இது. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வலது கையை மேஜைமேல் போட்டாள். அது தன்பாட்டுக்கு ஆடியது.

"பார்கின்சன். ஜனவரிலயே சொல்லிட்டாங்க."

அந்தக் கையைப் பிடிக்கப் போனேன். அவள் இழுத்துக்கொண்டாள்.

"நீதானேடி தீர்மானம் போட்டே," என்றாள். "நானும் கை தூக்கினேன். கை ஆடுதோன்னு பாத்துக்கிட்டே தூக்கினேன். நல்லவேளை, எல்லாரும் மார்கோவையே பாத்துக்கிட்டிருந்தீங்க."

அது உனக்காகப் போட்டதில்லை என்றேன். மார்கோ, இஸ்திரிப் பெட்டி, ஹோபார்ட் என்று உளறினேன். அழுதேன். அவள் எரிச்சலானாள்.

"அழாதேடி, சகிக்கல. இப்பவே சொல்லிட்டேன், மத்தவங்ககிட்ட மூச்சு விடக்கூடாது. ஊர்ப்பிள்ளைங்க முழுக்க இந்தக் கையை நம்பி பஸ் ஏறுச்சுங்க. இப்ப பாவம்னு பாத்து என் பெட்டியை ஆளாளுக்குத் தூக்குவீங்க, நான் பின்னால கைய வீசிக்கிட்டு வரணுமா? நான் வரல."

வாசலில் நாய்கூட என்னைப் பார்த்து வாலாட்டவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

நீ வீட்டுலதான், போ. — நான் சொன்னது. நடைமேடையில் நின்று, சிரித்துக்கொண்டு. எப்பேர்ப்பட்ட கழுதை நான்?

ஏப்ரல் 16, செவ்வாய்

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பொய் சொல்வது என்று.

கூட்டத்துக்குக் கூனிக்கொண்டே போனேன். இடுப்பில் கை. பெட்டித் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்றேன்.

"ஏன்?" என்றாள் மார்கோ.

"என் முதுகு போச்சு. டாக்டர் ஒரு கிலோகூடத் தூக்கக் கூடாதுன்னுட்டார்."

எதிரில் இருந்த மூன்று கேக் தட்டுகளை மேஜையின் கோடிக்கு நான் நகர்த்தியதை மார்கோ சற்றுமுன்தான் பார்த்திருந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப உன் பெட்டியை நான் தூக்குறேன். நான் ஒரே ஒரு சின்னப் பெட்டி கொண்டுவரேன்."

மார்கோவா? சின்னப் பெட்டியா? முதுகு நிமிர்ந்துவிட்டது, மறுபடி கூனிக்கொண்டேன்.

"வழிமொழிகிறேன்," என்றாள் டாட். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு நீளமான பேச்சு இது: "மூட்டை தூக்குறவங்களை அம்பது வருஷம் பாத்திருக்கேன். யாருக்கு எங்க நோவுன்னு எனக்குத் தெரியும். கேக்க மாட்டேன்."



"அடுத்த விஷயம்," என்று மார்கோ செருமினாள். "நம்ம பயணத்துக்கு இன்னும் தலைவர் இல்லை. டிக்கெட் எல்லாம் அவங்க கையில இருக்கணும். வழி அவங்கதான் சொல்லணும். தலைவர் பெட்டி தூக்கினா நல்லா இருக்காது, மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்குக் கூட்டத்துக்கு யார் வரல?"

மூன்று கை உயர்ந்தன. ஏகமனதாக.

கூட்டக் குறிப்பை நானே எழுதி, நானே கொண்டுபோய் அவள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். போன முதுகோடு.

ஏப்ரல் 17, புதன்

காலை ஏழு மணிக்கு கிளெனிஸின் போன்.

"அவளுங்ககிட்ட சொல்லிட்டியாடி, கழுதை?"

"சத்தியமாச் சொல்லல. உன் பேரே எடுக்கல. என் முதுகுன்னுதான் சொன்னேன்."

"உன் முதுகுக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லை."

திட்டப்போகிறாள் என்று ரிசீவரைத் தள்ளிப் பிடித்தேன்.

"வராதவளைத் தலைவராக்கினா மறுக்கக் கூடாதுன்னு ஊர் வழக்கம்," என்றேன்.

"அந்த வழக்கத்தை ஆரம்பிச்சவன் நாசமாப் போக," என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

அப்படியென்றால் வருகிறாளா, இல்லையா?

ஏப்ரல் 30, செவ்வாய்

வரவில்லை. மூன்று பேரும் கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். மார்கோ தன் சின்னப் பெட்டியைக் காட்டினாள். நிஜமாகவே சின்னது. பார்க்கப் பாவமாக இருந்தது.

மே 3, வெள்ளி

வாசலில் ஒரு பை எலுமிச்சம்பழம். சீட்டு இல்லை. கிளெனிஸ் வீட்டு மரத்துப் பழம்தான், தோலைப் பார்த்தால் தெரியாதா?

மே 14, செவ்வாய்

வந்தாள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் மேஜையைத் தட்டினாள். வலது கை கோட்டுப் பையில்.

"செயலாளர், உன் அட்டவணையைக் கொண்டா." கொண்டுபோனேன். "அஞ்சு நிமிஷம், நாலு நிமிஷம். எந்த மூளை போட்ட கணக்கு இது? ரயில் நிக்காதுடி. நான் நின்னேன்னா, ஓடி வர்றது யார் பிள்ளை, அவன் வீட்ல காலைல என்ன சண்டைன்னு எனக்குத் தெரியும், அதனால நின்னேன். அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

மார்ச்சிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்பவே வரப்போறதில்லன்னு தோணிடுச்சு. எனக்கென்ன, நீங்க எங்கேயாவது மாட்டிக்கிட்டு முழிங்கன்னு விட்டுட்டேன்."

எல்லா மாறுதலுக்கும் ஒரு மணி நேரம் என்று சிவப்புப் பேனாவால் திருத்தச் சொன்னாள். பத்து இடம் திருத்தினேன். பதினொன்றாவதில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மலைக்கிராமத்து மஞ்சள் பஸ். ஆறு நிமிடம்.

"அது அப்படியே இருக்கட்டும்."

செப்டம்பர் 12, வியாழன், சுவிட்சர்லாந்து

ரயில் ஐந்து நிமிடம் தாமதம். மிச்சம் ஒரு நிமிடம். டாட் உள்ளே இருந்து பெட்டிகளைத் தள்ள, மார்கோ படியில் வாங்கிக் கீழே வைக்க, நான் கிளெனிஸின் பெட்டியை ஒரு கையிலும் என் பெட்டியை மறுகையிலும் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல ஓட்டம். பாதி வழியில்தான் முதுகு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"ஓடுடி, ஓடு," என்றாள் மார்கோ. "உன் முதுகு லட்சணம் எனக்கு ஏப்ரல்லயே தெரியும்."

கிளெனிஸ் ஓடவில்லை. டிக்கெட்டுகளைப் பிடித்துக்கொண்டு கடைசியாக, அவள் வேகத்தில் நடந்து வந்தாள். பஸ் கிளம்ப வேண்டிய மணி தாண்டிவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று.

மஞ்சள் பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டே இருந்தது. கதவு திறந்தே இருந்தது. ஓட்டுபவள் நாற்பது வயதுப் பெண், கண்ணாடியில் கிளெனிஸ் வருவதைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

கிளெனிஸ் அவளுக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். மலை ஏறும்வரை எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் வைக்க மறந்துவிட்டாள் போல. மடியில் கிடந்து அது ஆடிக்கொண்டிருந்தது, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அறையில் மார்கோ எனக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். முதுகு பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை நிஜமாகவே.