மாமன் மடி

கூடுவாஞ்சேரி,
ஜூன் 2003

அன்பு மகனுக்கு,

பெர்லினிலிருந்து பாரிஸ் ரொம்ப தூரம், தங்கை ரோகிணி குழந்தையின் காதுகுத்துக்கு வர முடியாது என்று போனில் சொன்னாய். நானும் நம்பிவிட்டேன். நேற்று என் டிக்கெட்டை வாங்கச் செங்கல்பட்டு போனபோது டிராவல்ஸ் பெண்ணிடம் கேட்டேன். "இன்னாம்மா, ஆயிரம் கிலோமீட்டர்கூட இல்ல. பிளேன்ல ஒன்னே முக்கா மணி நேரந்தான்" என்றாள். செய்யூரிலிருந்து உன் சித்தப்பா பஸ்ஸில் இங்கே வர அதைவிட நேரமாகிறது. மனிதர் ஒரு விசேஷத்தையும் விட்டதில்லை.

ரோகிணி ஜோயலைக் கட்டிக்கொண்டதைப் பற்றி இதில் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

இருபதாம் தேதி பாரிஸில் இறங்குகிறேன். கம்மல் என் கைப்பையில் இருக்கிறது. "ஜோயல் மடியிலயே வெச்சுக் குத்திட்டு வா, வுடு" என்கிறார் உன் அப்பா. ஜோயலோ, "மச்சான் வரட்டும் அத்த" என்கிறான். எனக்கும் அதே பேச்சுதான். தாய்மாமன் நீ ஒருத்தன். உன் மடியில்தான் குழந்தை உட்காரும்.

நீ வராவிட்டால் அவள் காது குத்தாமலே வளரட்டும். ஏன் என்று ஒருநாள் கேட்பாள். மாமா ஒன்றே முக்கால் மணி நேரம் தள்ளி இருந்தார் என்று சொல்வேன்.

பெர்லின் விமானத்தில் வருகிறவர்கள் வெளியே வரும் வாசலில் நிற்கப்போகும்,
அம்மா