நாலு உள்ளுக்கு, எட்டு வெளியில

8.5.76, சனி

சோளகக் காத்து தொடங்கீற்றுது. பண்ணைப் பாலத்தில பஸ் போகேக்க என்ர சீலைத் தலைப்பு முன் சீற்று மனிசன்ர தலைக்கு மேல. திரும்பி முறைச்சார். நான் என்ன செய்ய, கோவமெண்டால் காத்தோட போய்க் கதையும்.

யாழ். மூச்சுப் பயிற்சி வகுப்பு, நாலாம் கிழமை. பதினொரு பேர் தொடங்கி இப்ப ஏழு. மாஸ்டர் முந்தி றெயில்வேயில கிளாக்கராம். நரம்புத் தளர்ச்சி வந்து வேலையை விட்டு, இந்தப் பயிற்சியாலதான் சுகப்பட்டவராம். இண்டைக்குச் சொன்னது:

– உள்ளுக்கு நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி வெளியில விடு. வெளியில போற மூச்சு நீண்டாத்தான் நரம்பு அடங்கும்.
– புது ஆக்கள் மூச்சை அடக்கவே கூடாது.
– ஒவ்வொருத்தரும் ஒரு ஆளுக்குப் படிப்பிச்சு, ஜூன் 5 கூட்டிக்கொண்டு வரவேணும். அந்த ஆளும் சரி, நாங்களும் சரியெண்டால் ஊரில வகுப்பு வைக்கலாம்.

எனக்கு ஆறோட அறுந்து போகுது. "ரீச்சர், நீர் மூச்சை விடேல்ல. பிடிச்சு வைச்சிருக்கிறீர்" எண்டார், எல்லாருக்கும் முன்னால. வெக்கமாப் போச்சு.

வீட்டுக்கு, சரவணைக்கு வந்து சேர ரெண்டு மணி. கடிதம் இல்லை. இவர் கப்பலுக்குப் போய் ஆனியோட ரெண்டு வருசம். ஆனியில வாறனெண்டு மாசியில எழுதினவர். பிறகு ஒரு வரியும் இல்லை. மாமியிட்டக் கேட்கவும் பயம். அவவும் என்னட்டக் கேட்கிறதில்லை.

12.5, புதன்

ஆள் கிடைச்சிட்டுது. அல்லைப்பிட்டியில, நான் தையல் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற பிலோமினா அக்கா. கிழிஞ்ச வலை பொத்துற ஆள். புருசன் சங்கு குளிக்கப் போறவர். மூண்டு வருசத்துக்கு முன்னம் கடலுக்கை இறங்கினவர், ஏறி வரேல்ல. அண்டையில இருந்து பி. அக்காவுக்குக் கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு. தேத்தண்ணிக் கோப்பை தூக்கினால் பாதி சட்டையில.

"ரீச்சர், இது சைவக்காரற்ற விசயமெல்லோ? ஃபாதர் பேசுவார்."
"மூச்சுக்கு என்னக்கா சைவம், கிறிஸ்தவம்? ஃபாதரும் விடுறார்தானே."
சிரிச்சுப்போட்டு வாறனெண்டா.

வாங்க: வெள்ளை நூல் 2, மாமிக்குச் சித்தாலேப.. மறந்து போச்சு, கால் நோவுக்கு ஏதோ தைலம்.

17.5, திங்கள்

சரியான வெக்கை. பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு தையல் அறையில பி. அக்கா கதிரையில, நான் பிள்ளையள் இருக்கிற வாங்கில. முதல் நாள் வெளியில விட்டது மூண்டு. இண்டைக்கு ஆறு! எனக்கே ஆறுதான். பொறாமைப்படுறதோ சந்தோசப்படுறதோ தெரியேல்ல.

நேற்று இராத்திரி இடையில எழும்பாமல் நித்திரை கொண்டவவாம். பாரை மீன் துண்டு ரெண்டு தந்து விட்டா. மாமிக்கு ஒரே புளுகம், சிரிச்சபடி பொரிச்சா.

கடிதம் இல்லை. இவற்ற சேட்டு நாலையும் எடுத்துத் தோய்ச்சு அழுத்தி அலுமாரியில வைச்சன். தோய்ச்சிருக்கக் கூடாது. இவற்ற மணம் போயிட்டுது.

24.5, திங்கள்

இண்டைக்கு நான் செய்தது மகா பிழை.

சனிக்கிழமை வகுப்பில மானிப்பாய்க்காரி தன்ர ஆளைப் பற்றி ஒரே பெருமை. எனக்குப் பொறுக்கேல்ல. என்ர ஆள் இன்னும் ஒரு படி மேல போகட்டுமெண்டு, மாஸ்டர் வேண்டாமெண்டு சொன்னதையே செய்தன்.

"நாலு இழுங்கோ. இப்ப பிடியுங்கோ. ஒண்டு, ரெண்டு. விடுங்கோ."

விடேல்ல. கண் மூடினபடி. முகம் சிவந்து, பிறகு கறுத்துப் போச்சு. உதடு மட்டும் அசையுது. தோளைப் பிடிச்சு உலுப்பினன். "அக்கா, விடுங்கோ! ஐயோ, விடுங்கோ!" பெரிய சத்தத்தோட மூச்சு வந்துது. கதிரையோட சரிஞ்சா. தண்ணி தெளிச்சன். முகத்தைத் துடைச்சுக்கொண்டு எழும்பிப் போயிட்டா.

சாப்பிட மனம் வரேல்ல. நான் ஒரு ஆளுக்குப் படிப்பிக்கப் போறனாம், கண்டறியாத படிப்பு.

25.5, செவ்வாய்

இடைவேளைக்குள்ள ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டன். முத்தத்தில வலையோட இருந்தா. ஊசியை வைச்சுப்போட்டுச் சொன்னா:

"மாரியில, தொழிலில்லாத நாளில, அவர் பாயில மல்லாந்து கிடந்து மூச்சு அடக்கிப் பழகுவார். பக்கத்தில இருந்து எண்ணுறது நான். எண்பது மட்டும் பிடிப்பார். நேற்று நீங்கள் பிடியுங்கோ எண்டோண, நான் அவருக்கு எண்ணத் தொடங்கீற்றன். ரெண்டில எப்பிடி ரீச்சர் நிப்பாட்டுறது?"

சங்கு குளிக்கிறவற்ற பெண்சாதிக்கு மூச்சைப் பிடியெண்டு சொன்ன விசரி நான்.

"இனி வரமாட்டியளோ?"
"வருவன். மற்றது நல்லாத்தான் இருக்கு. பிடிக்கிறது மட்டும் வேண்டாம்."

பஸ்ஸில முழுக்க அதே நினைப்பு. அந்த மனிசன் பாயில கிடக்க, இவ பக்கத்தில இருந்து எண்ண. இவர் என்னோட இருந்தது கலியாணம் முடிச்ச ஆறு வருசத்தில எல்லாமாப் பதினாலு மாசம். நானும் எண்ணித்தான் வைச்சிருக்கிறன்.

5.6, சனி

சோதினை. பி. அக்கா பெருநாள் சீலை, நெத்தியில வியர்வை. மாஸ்டர் முதல் ஒரு கிளாஸ் தண்ணி, விளிம்பு முட்ட வார்த்துக் கொடுத்தார். குடிச்சா. ஒரு துளி சிந்தேல்ல! பிறகு நாலு உள்ளுக்கு, எட்டு வெளியில, பத்துத் தரம், ஒரு பிசகில்லை. எனக்குக் கண் கலங்கீற்றுது.

பிறகு நான். அஞ்சு எண்ணேக்க றோட்டில ஒரு சைக்கிள் மணி. அவ்வளவுதான், நிண்டு போச்சு. திருப்பிச் செய்தன். ஆறு.

"உம்மட ஆள் பாஸ். நீர் இல்லை. ஒரு மாசத்தால வாரும்."

பஸ்ஸில பி. அக்காவுக்கு மாஸ்டரில சரியான கோவம். பிறகு மெல்லமாச் சொன்னா: "ரீச்சர், மணிச் சத்தம் கேட்டால் நீங்கள் மூச்சை நிப்பாட்டுறனீங்கள். பள்ளிக்கூடத்திலயும் கண்டனான். தபால்காரனெண்டு நினைக்கிறியள்."

நான் வெளியில பாத்துக்கொண்டு வந்தன்.

8.6, செவ்வாய்

கடிதம். மாமி றேடியோவுக்கு மேல வைச்சிருந்தா, உடைக்கேல்ல. ஒண்டரைப் பக்கம். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டாராம். "பிழையா நினையாதையும். கல்வீடு முடிஞ்சால் பிறகு நான் ஏன் போறன்? 78 ஆனியில கட்டாயம் வருவன்."

எனக்குக் கல்வீடு வேண்டாம். இவர் வேணும். இந்தக் கிடுகு ஓலை வீட்டிலேயே, சாரத்தோட, குசினி வாசலில நிண்டு கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்ல வேணும். மாமிக்கு வாசிச்சுக் காட்டேக்க குரல் நடுங்கேல்ல. அவ கேட்டுப்போட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனா.

9.6, புதன்

பள்ளிக்கூடம் விட்டோண பி. அக்கா வந்தா. கடிதத்தைச் சொன்னன். என்னைக் கதிரையில இருத்தி, தான் வாங்கில இருந்தா.

"இழுங்கோ. நான் எண்ணுறன்."

நாலு. பிறகு விட்டன். அஞ்சில அழுகை வந்திட்டுது. "அழுங்கோ, ஆனால் விடுங்கோ" எண்டா. ஆறு. ஏழு. எட்டு. எட்டில அவவும் நிப்பாட்டினா. அதைக் கவனிச்சனான்.

மூக்கைச் சீறிக்கொண்டு இருந்தன். பி. அக்கா கேட்டா:

"வருவனெண்டு எழுதியிருக்கிறாரோ?"
"ஓம். 78 ஆனியில."
"அப்ப எண்ணலாம் ரீச்சர்."

இண்டைக்கு ஒண்டு.