டைகருக்குப் போட்ட பலகை

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பின் தோட்டத்திலிருந்து திலகா. முருகன் துணையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் பதினான்கு வயது நாய் டைகரால் வாசற்படி ஏற முடியவில்லை. சரிவாக ஒரு பலகை வைத்து, கால் வழுக்காமலிருக்கக் குறுக்குச் சட்டங்களை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். ஒரே மழையில் எல்லாம் கழன்று, ஒன்று அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டது!

“ஆசாரி மகள்னு வெளிய சொல்லிறாதீங்க லா, அக்கா!” என்று பக்கத்து வீட்டு ரோகினி சிரித்தாள்.

பிறகு தண்ணீர் தாங்கும் பசை வாங்கி, அம்மிக்கல்லை மேலே ஏற்றி ஒரு நாள் காயவிட்டேன். இப்போது டைகர் ராஜா மாதிரி ஏறுகிறது.

நம் வீட்டுப் படியின் உயரத்தை அளந்து எழுதுங்கள். நாய்க்குச் செய்ததையா அப்பனுக்கும் என்று கோபிக்காதீர்கள். தைப்பூசம் முடிந்து வரும்போது நானே ஒட்டித் தருகிறேன். உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். அதுவரை சுவரைப் பிடித்தே ஏறுங்கள்.

உங்கள் மகள்,
திலகா