பதினேழாம் எண் யாருடையது

மார்ச் 6
பயணத்தின் ஆறாம் நாள். இந்த ஊர் நூலகத்தின் படிக்கட்டிலேயே அரைமணி நேரம் நின்றுவிட்டேன். “படிய எண்ணினது போதும், மேல வாடி, கூரையப் பாரு” என்று கத்தினாள் என் தோழி நெட்டை.
பேருந்து நிலைய வடிவமைப்புப் போட்டியில் எனக்கு முதல் பரிசு, அவளுக்கு இரண்டாவது. பரிசான இந்த வெளிநாட்டுப் பயணம் இருவருக்கும். கட்டப்போவது என் வடிவமைப்பை. அவளுக்குத் துளியும் பொறாமையில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

மார்ச் 7
எங்களை அழைத்து வந்திருக்கும் சார், பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர். போட்டியின் மூன்று நடுவர்களில் ஒருவர். பெயர் போடாமல், எண் மட்டும் இட்டுத்தான் வரைபடங்களை அனுப்பினோம். நான் பதினேழு.
“மடக்கின குடையோட ஒரு பொம்பள நிப்பாளே, பாத்ததுமே நம்ம பொண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒருத்தர் உன் பக்கம், ஒருத்தர் அவ பக்கம். நான் விடுவேனா?”
சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 8
முதலாண்டிலிருந்து என் எல்லா வரைபடங்களிலும் அந்தக் குடைக்காரி நிற்கிறாள், கட்டடத்தின் உயரம் புரிவதற்காக. பெயரை எழுதியே அனுப்பியதுபோல்தானே?
தெரியாமல் செய்தேன், சரி. இப்போது தெரியுமே.
என்னுடையதே நல்லதாகவும் இருக்கலாம். இருக்கலாம் —

மார்ச் 9
மூன்று கட்டடங்கள். ஒன்றும் மனதில் இல்லை.

மார்ச் 11
காலை உணவின்போது நெட்டையிடம் சொல்லிவிட்டேன். ரொட்டியைக் கீழே வைத்தாள்.
“ஊரெல்லாம் சுத்தி முடிச்சப்புறம் ஞானம் வந்துச்சா?”
“எப்படிச் சொல்றதுன்னு தெரியல...”
“நாலு நாளா ஒரே ரூம்லதானேடி இருந்தோம்.”


மார்ச் 19
போட்டிச் செயலாளருக்கு எழுதிவிட்டேன். அம்மா, “வந்த சீதேவிய எட்டி உதைக்கிறியே” என்றாள். சார் ஒரே வரிதான் அனுப்பினார்: “என்னையும் சேத்து மாட்டிவிட்டுட்டியேம்மா.”
அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

மே 2
புது நடுவர்கள், மறுமதிப்பீடு. நெட்டைக்கு முதல் இடம். எனக்கு மூன்றாவது. இரண்டாவதுகூட இல்லை!

மே 5
வரைபடத்தை மறுபடி விரித்தேன். வெளியேறும் பேருந்தும் நடந்து வருகிறவர்களும் ஒரே இடத்தில் குறுக்கிடுகிறார்கள். இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? யாராவது அடிபட்டிருப்பார்களே.

ஆகஸ்ட் 14
நெட்டை போன் செய்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை. நலம் விசாரிக்கவில்லை.
“சரிவுப் பாதை இடிக்குது. சக்கர நாற்காலி திரும்பவே மாட்டேங்குது. நாளைக்கு சைட்டுக்கு வர்றியா? நாளன்னிக்குக் கான்கிரீட் போட்டுடுவாங்க, அப்புறம் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது.”
“எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டேன்.